புரிந்தோ, புரியாமலோ

ஜப்பானில் அச்சிட்ட தாளுக்குப் பெயர் ‘புரிந்தோ’. ஆங்கிலப் ‘பிரின்ட்’தான் அவர்கள் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் பையைத் திறந்தால் நாள் தவறாமல் இரண்டு புரிந்தோவாவது இருக்கும். இங்கே பிள்ளை வளர்க்கும் வெளிநாட்டவரிடம் எது கஷ்டம் என்று கேட்டால் நிலநடுக்கம், விலைவாசி, மீன் வாடை என்று ஏதாவது சொல்வார்கள் என்று நினைப்போம். நான் கேட்ட வரையில் முதலில் வரும் பதில் அந்தத் தாள்தான்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. மகள் முதல் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கைவேலை வகுப்புக்கு மறுநாள் கொண்டுவர வேண்டியவை என்று நாலு வரி, ஆசிரியர் கையால் எழுதி நகலெடுத்தது. கையெழுத்து என்பதால் மொழிபெயர்ப்புச் செயலி கையை விரித்துவிட்டது. நானோ ஜப்பானியத்தில் புழங்கும் சீன எழுத்தான ‘கான்ஜி’யில் இருநூறு கற்றுவைத்திருந்த மிதப்பில் இருந்தேன். ‘வானம்’ என்ற எழுத்து தெரிந்தது, பக்கத்தில் ‘பெட்டி’. ஆகா, வானப் பெட்டி! ராத்திரி பத்து மணிக்கு ஒரு செருப்புப் பெட்டியின் மேல் நீலத் தாள் ஒட்டி, பஞ்சில் மேகம் வைத்துக் கொடுத்தனுப்பினோம். அந்த எழுத்துக்குக் ‘காலி’ என்றும் பொருள் உண்டு. அவர்கள் கேட்டது வெறும் காலிப் பெட்டி. ‘இது ரொம்ப அழகா இருக்கு, வெட்ட வேண்டாம்’ என்று சொல்லி ஆசிரியர் வேறொரு பெட்டி கொடுத்தாராம். மேகப் பெட்டி இப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உள்ளே ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம்.

இதில் எங்களை யாரும் ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் குழந்தை என்பதற்காக ஜப்பானிய அரசு எதையும் குறைத்துக் கொடுப்பதில்லை. தடுப்பூசி, மருத்துவம், மாதாந்திரக் குழந்தைத் தொகை எல்லாம் பக்கத்து வீட்டு ஜப்பானியக் குழந்தைக்கு என்னவோ அதேதான். ஆனால் எல்லாமே தாள் வழியாகத்தான் வரும். தாளைப் படித்து, அதில் எழுதாததையும் புரிந்துகொண்டு, சொன்ன தேதிக்குள் செய்து முடிக்க வீட்டில் ஓர் அம்மா இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டுதான் மொத்த ஏற்பாடும் நடக்கிறது. அந்த அம்மாவுக்கு நேரம் உண்டு, ஜப்பானிய மொழி தெரியும், அவளும் இதே மாதிரிப் பள்ளியில் படித்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. ஜப்பானியர் வீடுகளிலேயே இப்போது அவர் அபூர்வம்.

2024 முடிவில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் சுமார் 37 லட்சத்து 70 ஆயிரம் பேர். சீனர், வியட்நாமியர், கொரியர், பிலிப்பினோக்கள், நேபாளியர், பிரேசிலியர் என்று போகும் வரிசையில் இந்தியர் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். டோக்கியோவின் கிழக்கே எதோகாவா வார்டில் உள்ள நிஷிகசாய்தான் அவர்களில் பலருக்கு முதல் முகவரி. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்ற பயத்தில் வங்கிகள் மென்பொருள் ஆட்களை வரவழைத்த காலத்தில் ஆரம்பித்த குடியேற்றம் இது. நிஷிகசாயில் ரயில் ஏறினால் வங்கிகள் நிறைந்த ஒதேமாச்சிக்கு நேராகப் போய்விடலாம். ஜாமீன்தாரும் வேண்டாம், வீட்டுக்காரருக்குத் திரும்ப வராத ‘நன்றிப் பணமும்’ வேண்டாம் என்று வாடகைக்குத் தரும் பொதுத்துறை அடுக்குமாடிகள் அங்கே நிறைய. 2004இல் கோத்தோ வார்டிலும் 2006இல் எதோகாவாவிலும் இந்தியப் பள்ளிகள் வந்தன. அதனால் இந்தியப் பெற்றோருக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு: மத்திய வாரியப் (சி.பி.எஸ்.இ.) பாடத்திட்டத்தில் கட்டணம் கட்டிப் படிக்க வைப்பதா, கட்டணமே இல்லாத வார்டுப் பள்ளியில் சேர்ப்பதா? நாலைந்து வருஷத்தில் ஊர் திரும்புகிறவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் ‘இன்னும் ரெண்டு வருஷம்’ என்று சொல்லிச் சொல்லியே இரண்டாவதில் மாட்டிக்கொண்டவர்கள்.

தாள்கள் குழந்தை பிறப்பதற்கு முன்பே வர ஆரம்பித்துவிடும். கர்ப்பம் உறுதியானதும் வார்டு அலுவலகத்தில் சொன்னால் ‘தாய் சேய் நலக் கையேடு’ ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். போர்க்காலத்தில், 1942இல், கர்ப்பிணிகளுக்கான கையேடாகத் தொடங்கியது. 1948இல் குழந்தையையும் சேர்த்துக்கொண்டது. இப்போதுள்ள பெயர் 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. ஸ்கேன், எடை, தடுப்பூசி, முதல் பல், முதல் அடி எல்லாம் இந்த ஒரே புத்தகத்தில் ஏறும். இந்தோனேசியா உட்படப் பல நாடுகள் இதைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்று செய்துகொண்டன. நான் இந்த நாட்டில் எதைக் குறை சொன்னாலும் இந்தப் புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். தொப்புள்கொடி விழுந்ததும் அதை வைத்துக்கொள்ள ஒரு சின்ன மரப்பெட்டி தருவார்கள். தாயத்தில் கொடி வைக்கும் வழக்கமுள்ள ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பிரசவம் நோயல்ல என்பது இங்கே கணக்கு. அதனால் சுகப்பிரசவத்துக்குக் காப்பீடு கிடையாது. பதிலாக 2023 ஏப்ரல் முதல் 5 லட்சம் யென் மொத்தமாகத் தருகிறார்கள். அதற்குமுன் 4 லட்சத்து 20 ஆயிரம். குழந்தை பிறந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் வசிப்புரிமை கேட்க வேண்டும். ஆமாம், அந்த நாட்டு ஆஸ்பத்திரியிலேயே பிறந்த குழந்தைக்கும் விசா வேண்டும். பிறந்த மண்ணை வைத்து இங்கே குடியுரிமை வராது. தாயோ தகப்பனோ ஜப்பானியராக இருக்க வேண்டும். அந்த 30 நாளில்தான் பச்சை உடம்புக்காரியும் பிள்ளைப் பேறு பார்க்க வந்த பாட்டியும் வீட்டில் இருக்க, அப்பன் கையில் கோப்புடன் வரிசையில் நிற்பான்.

பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வருவது பெரும்பாலும் 90 நாள் விசாவில். பேரன் குப்புற விழும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். பெற்றோரை வரவழைத்துக் கூடவே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ‘உயர்திறன் வல்லுநர்’ என்ற விசா இருந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 80 லட்சம் யென்னுக்குக் குறையாமல் இருந்தால், பிள்ளைக்கு ஏழு வயது ஆகும் வரை தாத்தா பாட்டி தங்கலாம். பணம் குறைந்தவர் வீட்டில்தான் கூட ஒரு கை தேவை என்பது யாருக்கும் தோன்றவில்லை போல.

பெயர் ஒரு தனித் தொல்லை. ஜப்பானியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், பிள்ளையின் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கோ இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதினால் அதுவே குடும்பப் பெயராகிவிடும். அப்பா பெயர் சுப்பிரமணியன் என்றால் மூன்று வயதுப் பெண்குழந்தையை ‘சுபுராமனியன் சான்!’ என்று கூப்பிடுவார்கள், அதுவும் கை தூக்கி ‘ஹாய்!’ (ஜப்பானியத்தில் ‘ஆமாம்’) என்று பதில் சொல்லும். யாழினி என்று ஆசையாகப் பெயர் வைத்தால், ழகரமும் லகரமும் இல்லாத மொழியில் அது ‘யாரினி’. யார் இனி? ஒரே வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர் என்பதால் ‘நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானா’ என்ற கேள்வியும் வார்டு அலுவலகத்தில் வரும். மரியாதையாகத்தான் கேட்பார்கள்.

அடுத்து காப்பகம். இங்கே மழலையர் இடம் இரண்டு வகை. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ‘ஹோய்குஎன்’, அரை நாள் படிப்புக்கு ‘யோச்சிஎன்’. பின்னது கல்வி அமைச்சகத்தின் கீழ். முன்னது நலத்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்து 2023 ஏப்ரலில் புதிதாக வந்த குழந்தைகள் குடும்ப முகமைக்கு மாறியது. இரண்டையும் சேர்த்த கலப்பு வகை 2006 முதல் உண்டு. ஹோய்குஎன் இடத்துக்கு வார்டுதான் மதிப்பெண் போடுகிறது. இருவரும் முழுநேர வேலையா, எத்தனை மணி நேரம், பார்த்துக்கொள்ள உறவினர் யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுப் புள்ளி கூட்டுவார்கள். 2016இல் இடம் கிடைக்காத ஒரு தாய் பெயர் போடாமல் இணையத்தில் நாட்டையே சபித்து எழுதிய நாலு வரி நாடாளுமன்றம் வரை போனது. 2017இல் காத்திருப்போர் பட்டியலில் 26,000 குழந்தைகள் இருந்தார்கள். புதிய காப்பகங்கள் வந்தன, பிறப்பும் குறைந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 3,000க்கும் கீழே. 2019 அக்டோபரிலிருந்து மூன்று முதல் ஐந்து வயது வரை கட்டணமும் இல்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும்தான். வெளிநாட்டவருக்கும் அதே.

இடம் கிடைத்தால் தினமும் எழுத ஒரு நோட்டு தருவார்கள். ‘ரென்ராகுச்சோ’. காலையில் காய்ச்சல் பார்த்த அளவு, நேற்றிரவு எத்தனை மணிக்குத் தூங்கினது, எத்தனை மணிக்கு எழுந்தது, என்ன சாப்பிட்டது, வெளிக்குப் போனதா, எப்படிப் போனது எல்லாம் நாம் எழுத வேண்டும். சாயந்திரம் அவர்கள் பங்கை எழுதி அனுப்புவார்கள். ‘இட்லி 3’ என்று எழுதி, அது என்ன என்று படம் வரைந்து, ‘அரிசி உளுந்து ஆவிப் பணியாரம்’ என்று விளக்கி நான் ஒரு பக்கமே நிரப்பியிருக்கிறேன். சில இடங்களில் இப்போது இதுவும் போனுக்குள் போய்விட்டது, மொழிபெயர்க்க வசதி. ஆனாலும் ‘இன்று எறும்பு வரிசையை இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிட்டும் வரவில்லை’ என்று ஓர் ஆசிரியை பென்சிலில் எழுதியிருந்ததை எந்தச் செயலியும் எனக்குத் தந்திருக்காது.

காய்ச்சல் 37.5 டிகிரியைத் தொட்டால் போன் வரும், வேலையை விட்டு ஓடிவர வேண்டும். படிவத்தில் முதல் எண்ணாக என் எண்ணை எழுதியிருந்தும் போன் போனது என் மனைவிக்குத்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கேட்டபோது அவர்களுக்கே அது உறைக்கவில்லை. ‘அம்மாவைத்தானே கூப்பிடுவோம்?’

சரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம். டோக்கியோவில் 2023 முதல் 18 வயது வரை பிள்ளைகளுக்கு வைத்தியச் செலவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் டாக்டர் கேட்கும் கேள்வி எந்த ஜப்பானியப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. இருமல் ‘கொன்கொன்’னா, ‘கொஹொகொஹொ’வா? மூச்சு ‘ஸேஸே’ என்கிறதா? வலி ‘சிக்குசிக்கு’வா, ‘ஸுகிஸுகி’யா? அமெரிக்க நண்பர் ஒருவர் இந்த இடத்தில் திணறிப்போனதைச் சொல்வார். தமிழர்களுக்கு இது நம் வீட்டுச் சரக்கு. லொக்குலொக்கு என்று இருமுவதும், விண்விண் என்று தெறிப்பதும், சுருக்சுருக் என்று குத்துவதும் நமக்குத் தெரியாததா? பள்ளியில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்தது டோக்கியோ குழந்தை வைத்தியர் முன்னால் கைகொடுக்கும் என்று யார் கண்டது?

வாக்கியமும் அப்படித்தான். வினை கடைசியில் வரும். ‘என்று சொன்னான்’ என்பதில் ‘என்று’ உட்காரும் அதே இடத்தில் அவர்களுக்கு ‘தோ’. நாம் ‘செய்து பார்’ என்கிறோம், அவர்களும் ‘செய்து’ என்ற எச்சத்துக்குப் பின்னால் ‘பார்’ என்றே சொல்கிறார்கள். ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதற்கும் இணை உண்டு. இந்த ஒற்றுமைகளை வைத்துத்தான் மொழியறிஞர் ஓனோ சுசுமு ஜப்பானியத்துக்கு மூலம் தமிழ் என்று வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வீட்டுக்குள் இதன் விளைவு வேறு. ஆங்கிலம் பேசும் நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் கலப்பு காதுக்கு உடனே தெரியும், இங்கே தெரியாது. வார்த்தை மட்டும் மாறி வாக்கியம் அப்படியே ஓடும். ‘அப்பா, கோரே தபேதே பாரு’ என்றாள் மகள் ஒரு நாள், ‘இதைச் சாப்பிட்டுப் பாரு’ என்று. நான் வாயில் போட்டு மென்று முடித்த பிறகுதான் அதில் பாதி தமிழ் இல்லை என்று உறைத்தது. தமிழ் இப்படித்தான் சத்தமில்லாமல் கசிகிறது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது சாப்பாடுதான். ஜப்பானின் பள்ளிச் சாப்பாடான ‘கியூஷோகு’ 1889இல் யமகாதா மாகாணத்து ட்சுருஒகா ஊரில் ஒரு கோயில் வளாகப் பள்ளியில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை, உப்பு மீன், ஊறுகாய். 1954இல் சட்டமானது. 2005இல் வந்த உணவுக் கல்விச் சட்டம் சாப்பாட்டைப் பாடமாகவே ஆக்கியது. வெள்ளைத் தொப்பி, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பிள்ளைகளே அண்டா தூக்கி வந்து பரிமாறுவார்கள். அந்த வாரம் பரிமாறும் முறை வந்த பிள்ளை வெள்ளிக்கிழமை அந்த அங்கியை வீட்டுக்குக் கொண்டுவரும், துவைத்து இஸ்திரி போட்டுத் திங்களன்று அனுப்ப வேண்டியது நம் வேலை. எல்லாரும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம், ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து. பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

சைவப் பிள்ளை அந்த வகுப்பில் உட்காரும் வரைதான். காய்க் கூட்டு என்று பட்டியலில் இருக்கும், அதன் சாறு காய்ந்த கட்சுவோ மீனைக் கொதிக்கவைத்து எடுத்த ‘தாஷி’. கறி என்று இருந்தால் பன்றியோ மாடோ. ஜெல்லியில் எலும்புப் பசை. ‘மீன் இல்லை, தாஷி மட்டும்தான்’ என்று உண்மையான நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். அவர்களுக்குத் தாஷி ஒரு சாமான் இல்லை, நமக்குத் தண்ணீர் மாதிரி.

ஒவ்வாமை என்றால் கதை வேறு. அதற்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம், தனி நிறத் தட்டு, இருவர் சரிபார்ப்பு என்று கறாரான முறை உண்டு. 2012 டிசம்பரில் டோக்கியோவை ஒட்டிய சோஃபு நகரில் பால் ஒவ்வாமை உள்ள ஐந்தாம் வகுப்புச் சிறுமி, பாலாடைக்கட்டி கலந்த ஒரு பதார்த்தத்தை மறுசோறாக வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகு கல்வி அமைச்சகம் 2015இல் தந்த வழிகாட்டுதலின் சாரம்: முழுதாகக் கொடு, இல்லாவிட்டால் முழுதாக எடுத்துவிடு, நடுவே எதுவும் வேண்டாம். சமையலறையின் கவனமெல்லாம் அதில் போய்விடுகிறது. மதத்துக்காகவோ வழக்கத்துக்காகவோ சாப்பிடாதவர்களுக்கு நாடு முழுமைக்குமான விதி ஒன்றும் இல்லை. அந்தந்தப் பள்ளி, அந்தந்தத் தலைமையாசிரியர் மனசு. சத்துணவு ஆசிரியர் மாதப் பட்டியலைச் சாமான் சாமானாக எழுதித் தருவார். அதில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, எந்த நாள் எதை விடுவது, எதற்குப் பதில் வீட்டிலிருந்து டப்பா என்று நாம் தீர்மானிக்க வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே பாடுதான். எங்கள் பக்கத்தில் பாகிஸ்தான்காரத் தாய் ஒருவர் பட்டியலில் உள்ளதைப் போலவே தோற்றமுள்ள பண்டத்தை ஹலால் இறைச்சியில் செய்து அனுப்புவார். தட்டு வேறு மாதிரி இருந்தால் பிள்ளை கூசும் என்று.

நாங்கள் எப்படிச் சமாளித்தோம்? தோற்றோம் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் டப்பா, பிறகு ‘தாஷி பரவாயில்லை’, பிறகு ‘மீன் பரவாயில்லை’. ஊருக்குப் போன் பேசும்போது அம்மாவிடம் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று முக்கியமானது, பெற்றோர் பலருக்கே தெரியாதது. ஜப்பானில் கட்டாயக் கல்வி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு சொல்வது ‘குடிமக்கள்’ தங்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்று. வெளிநாட்டவர் கேட்டால் அனைத்துலக உடன்படிக்கைகளின் பேரில் சேர்த்துக்கொள்வார்கள், கட்டணமில்லை, புத்தகமும் இலவசம். கேட்காவிட்டால்? ஜப்பானியப் பிள்ளை வராவிட்டால் கதவைத் தட்டுவார்கள், இந்தப் பிள்ளைக்குத் தட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. திருத்திய குடிவரவுச் சட்டம் 1990இல் நடைமுறைக்கு வந்தபின் ஹமமட்சு, ஓயிசுமி போன்ற தொழில் நகரங்களுக்குப் பிரேசிலிலிருந்து ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் பெருவாரியாக வந்தன. அப்போதிருந்தே இந்த ஓட்டை தெரியும். ஆனாலும் நாடு தழுவி முதன்முதலாக எண்ணிப் பார்த்தது 2019இல். பள்ளிக்கே போகாமல் இருக்கக்கூடியவர்கள் என்று தெரியவந்தது சுமார் 20,000 பிள்ளைகள். பல நகராட்சிகள் அதுவரை தேடியே பார்க்கவில்லை. தேட ஆரம்பித்ததும் பின்வந்த கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

சேர்ந்துவிட்டால் போதுமா என்றால், அங்கே வேறு சிக்கல். இங்கே வயதை வைத்து வகுப்பு. யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஏப்ரல் 2 முதல் அடுத்த ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. (ஏப்ரல் 1இல் பிறந்தால் வகுப்பிலேயே கடைக்குட்டி. பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வயது நிறைகிறது என்பது சட்டம்.) பன்னிரண்டு வயதில் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்கும் பிள்ளையும் நேராக நடுநிலைப் பள்ளியில் உட்காரும். தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டில் மற்றவர்கள் 1,026 கான்ஜி எழுத்து படித்து முடித்திருப்பார்கள். முதல் வகுப்பில் 80தான், அப்புறம் 160, 200 என்று ஏறும். 2023 கணக்குப்படி தனியாக ஜப்பானிய மொழி கற்றுத்தர வேண்டிய பிள்ளைகள் பொதுப் பள்ளிகளில் சுமார் 69,000 பேர். எதோகாவா போன்ற இடத்தில் அதற்கு ஆள் இருக்கும். பள்ளியிலேயே ஒரே ஒரு வெளிநாட்டுப் பிள்ளை இருக்கும் சின்ன ஊரில் என்ன செய்வார்கள்? விளையாட்டு மைதானத்தில் பேச வந்துவிட்டதே என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் கணக்கு வாக்கியமாக வரும்போதுதான் சாயம் வெளுக்கும்.

பள்ளிக்குச் சேர்ப்பதற்கு முந்தைய மாதங்கள் ஒரு கல்யாண வேலை. முதுகுப் பை ‘ரன்தோசெரு’ 50,000 யென்னிலிருந்து 70,000 யென் வரை சாதாரணம், ஆறு வருஷம் உழைக்கும். பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. 1887இல் பிரதமர் இதோ ஹிரோபுமி பட்டத்து இளவரசருக்குப் பரிசளித்தபின் வடிவம் நிலைத்தது. கணக்குப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும், உள்ளே எண்ணும் குச்சி, வில்லை என்று நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் பிள்ளையின் பெயர் ஒட்ட வேண்டும். நகத்தளவு வில்லையில் ‘சுபுராமனியன்’ எழுதிப் பாருங்கள்.

பிறகு அந்த அற்புதம். ஏப்ரலில் ஒரு காலை, மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளை தானே நடந்து பள்ளிக்குப் போகும். நாம் கொண்டுபோய் விடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் விடுவதில்லை. தெருமுனைகளில் மஞ்சள் கொடியோடு பெற்றோர் முறைவைத்து நிற்பார்கள், சில கடைவாசலில் ‘ஆபத்தென்றால் இங்கே வா’ என்று ஒட்டியிருக்கும், பையில் இழுத்தால் அலறும் மணி ஒன்று தொங்கும். ஒரு வாரம் நான் தூண் தூணாக மறைந்து பின்னாலேயே போனேன். நாலாம் நாள் எதிர்வீட்டுக் கிழவர் என்னைப் பார்த்து, ‘நானும் அப்போ இப்படித்தான் போனேன்’ என்றார். இந்த ஒன்றுக்காகவே இங்கே இன்னும் ரெண்டு வருஷம் இருக்கலாம் என்று தோன்றும்.

தோற்றம் பற்றியும் கொஞ்சம். பெரும்பாலான பள்ளிகளில் தோடு கூடாது. காது குத்திய பிள்ளை கழற்றி வைத்தால் ஓட்டை தூர்ந்துவிடும் என்று ஊரில் கவலைப்படுவார்கள். வண்ணக் குச்சிப் பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று ஒன்று இருந்தது, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரிப்பாளர்கள் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘வெளிர் ஆரஞ்சு’ என்றாக்கினார்கள். பெட்டியில்தான் மாறியது, வாய்ப் பழக்கத்தில் முழுக்க மாறவில்லை. என் மகள் தன்னை வரைய மண் நிறத்தை எடுக்கிறாள், எங்களிருவரையும் ஏனோ ஊதாவில் வரைகிறாள்.

தினமும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு, ‘ஒன்தோகு’. பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும், வீட்டில் பெரியவர் கேட்டு, குரல், நிறுத்தம், உணர்ச்சி மூன்றுக்கும் வட்டம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் வகுப்பு பாதி வரை எனக்கும் புரிந்தது. அப்புறம் அவள் முந்திவிட்டாள். இப்போது அவள் படிக்கிறாள், எனக்கு மூன்றில் ஒரு பங்கு புரிகிறது, மூன்றுக்கும் இரட்டை வட்டம் போடுகிறேன். ‘உணர்ச்சி சரியா இருந்ததா?’ என்று கேட்டாள். ‘பிரமாதம்’ என்றேன். ‘அது நரி செத்துப்போற இடம்பா, நீ சிரிச்சே’ என்றாள்.

மூன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து புரிந்தோக்களையும் அவளே வாசித்துச் சொல்கிறாள். இந்த நாட்டில் வெளிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியில், வார்டு அலுவலகத்தில், சில சமயம் தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் புகாருக்கே. குடும்பத்தைத் தாங்கும் ‘இளம் பராமரிப்பாளர்’ யார் யார் என்று குழந்தைகள் குடும்ப முகமை தரும் விளக்கத்தில், வீட்டாருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளையும் உண்டு. அதைப் படித்த அன்று கொஞ்சம் சுருக்கென்றது. நம் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை, தாள் மட்டும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு தாள். ‘என்னம்மா இது?’ என்றேன். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாள். ‘ஒண்ணுமில்லப்பா, பல் தேய்க்கச் சொல்றாங்க’ என்று மடித்து வைத்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் என் மனைவிக்கு போன் வந்தது, பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு நீங்கள் மட்டும்தான் வரவில்லை, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று. தாளை எடுத்துப் பார்த்தோம். பல் தேய்ப்பதும் இருந்தது, கடைசி வரியில்.